இன்வர்ட் சீல் விழுந்துச்சா?

கோவை சரவணம்பட்டிப் பக்கம், கம்பெனிகளின் பில், பட்டுவாடா, கணக்கு வேலைகளை எடுத்துச் செய்துகொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வேலை எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்று பார்த்துச் சொல்வது என் குழுவின் பொறுப்பு. கல்லூரி முடித்து வரும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் வருடா வருடம் உட்காருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு நாள், நாங்கள் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட ஒரு பெண் சொன்ன பதில் இன்று வரை என்னை விடவில்லை. கல்லூரிப் படிப்பும் கம்பெனிக்கு வேண்டிய திறமையும் ஒட்டவில்லை என்று யாராவது பேச்சை எடுத்தாலே எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் வருகிறது.

அன்று எல்லாரிடமும் ஒரே கேள்விதான். "ஒரு சப்ளையர் பில் கொடுத்து 20 நாள் ஆச்சு. இன்னும் பணம் போகலை. எங்கே நிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" வந்தவர்களில் பெரும்பாலானோர் எழுந்து போய் மார்க்கரைக் கையில் எடுத்தார்கள். பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்து சேர்ந்ததற்கான ஜிஆர்என், பில் என்று மூன்று பெட்டி. மூன்றும் ஒத்துப்போகிறதா என்று கேட்கும் ஒரு சாய்சதுரம். ஒத்துப்போனால் இந்தப் பக்கம், போகாவிட்டால் அந்தப் பக்கம். ஒரு பையன் வரைந்த படம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. "சரி, யாரைப் போய்க் கேட்பீங்க?" என்றேன். "பிராசஸ் ஓனரை" என்றான். அவர் யார், எந்த அறையில் இருப்பார் என்று கேட்டதும் திகைத்துவிட்டான்.

அந்தப் பெண் பலகைப் பக்கமே போகவில்லை. திருப்பூர், பி.காம். அப்பா காஜா பட்டன் யூனிட் வைத்திருக்கிறார். தைத்த துணியைக் கம்பெனியிலிருந்து எடுத்து வந்து, காஜா போட்டு, பட்டன் வைத்துத் திருப்பிக் கொடுக்கும் ஜாப் ஒர்க். "எங்கப்பாவா இருந்தா நேரா கேட்டுக்குத்தான் போவாருங்க மேடம்" என்றாள். "செக்யூரிட்டிகிட்ட டிசியைக் காட்டி, இன்வர்ட் சீல் விழுந்துச்சா, என்னைக்குத் தேதி போட்டிருக்குன்னு பார்ப்பாருங்க. சீல் விழலைன்னா அக்கவுண்ட்ஸ்ல எத்தனை தடவை கேட்டாலும் சரக்கே வரலைன்னுதான் சொல்லுவாங்க." டிசி என்பது சரக்கோடு போகும் டெலிவரி சலான், இன்வர்ட் சீல் என்பது சரக்கு கேட்டுக்குள் வந்ததற்கு அதில் வைக்கும் முத்திரை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வண்டி போனா அடுத்த நாள் தேதிதான் விழும். சனிக்கிழமைன்னா திங்கக்கிழமை" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

எங்கள் மதிப்பெண் தாளில் மென்பொருள் அறிவுக்கு 30 மார்க். அவளுக்கு எக்ஸெல் தவிர எதுவும் தெரியாது என்பதால் 4 போட்டோம். மொத்தத்தில் தள்ளிப்போய்விட்டாள். தாளில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

படம் வரையத் தெரிந்த பிள்ளைகள்

நானே எம்பிஏ படிக்கும்போது பிசினஸ் பிராசஸ் மேனேஜ்மென்ட்டை, அதாவது ஒரு வேலை எந்தெந்தப் படிகளில் நடக்கிறது என்று பார்த்துச் சீராக்கும் பிபிஎம்மை, ஒரு விருப்பப் பாடமாக எடுத்தவள்தான். பாடத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வேலையின் படிகளைப் படமாக வரைவதற்கான பிபிஎம்என் என்ற வரைமுறை, 2011-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, எங்கே வட்டம், எங்கே பெட்டி, எங்கே சாய்சதுரம், இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடந்தால் எப்படிக் காட்டுவது, இதெல்லாம் கட்டாயம் தெரிய வேண்டியவை. 2013-இல் அது ஐஎஸ்ஓ தரமாகவே ஆகிவிட்டது. முனிச்சில் இருப்பவர் வரைந்த படத்தை கோவையில் இருப்பவர் பிசகாமல் படிக்க முடிகிறதென்றால் அது சின்ன விஷயமா? என் வேலையில் தினமும் அதன் பலனை அனுபவிக்கிறேன்.

ஆனால் பரீட்சையில் என்ன கேட்கிறோம்? பிராசஸின் வாழ்க்கைச் சுழற்சியை விளக்குக, 16 மார்க். கீழ்க்கண்ட பத்தியைப் படித்து அதற்குப் படம் வரைக. இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நான் பல நாள் யோசித்திருக்கிறேன். வாடிக்கையாளர் விண்ணப்பம் தருகிறார், அதிகாரி சரிபார்க்கிறார், தகவல் குறைவாக இருந்தால் திருப்பி அனுப்புகிறார் என்று பத்தியில் எல்லாமே எழுதியிருக்கும். யாரோ ஒருவர் ஏற்கெனவே போய்ப் பார்த்து, விசாரித்து, குழப்பத்தை நீக்கி, வரிசைப்படுத்தித் தந்த பத்தி அது. பிள்ளை செய்வதெல்லாம் அதை வேறொரு எழுத்தில் மாற்றி எழுதுவது. வேலைக்கு வந்த பிறகு அந்தப் பத்தியை யாரும் தருவதில்லை. அதை எழுதுவதுதான் வேலையே.

இதற்கு மேல் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. ஐடி கம்பெனிகளின் சங்கமான நாஸ்காம், மற்ற கம்பெனிகளின் வேலையை எடுத்துச் செய்யும் தொழிலை பிபிஓ என்று சொல்லிக்கொண்டிருந்ததை பிபிஎம் என்று மாற்றிய பிறகு, நம் ஊரில் பிபிஎம் வேலை என்றால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசுவது அல்லது ராத்திரி ஷிப்டில் இன்சூரன்ஸ் கிளெய்ம் போடுவது என்றுதான் வீடுகளில் புரிந்துகொள்கிறார்கள். படித்த பாடத்தின் பெயரும் சேர்ந்த வேலையின் பெயரும் ஒன்றாக இருந்தும் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் போய் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இதில் வருத்தமான விஷயம், கிளெய்ம் போடும் அந்த இருக்கைதான் ஒரு பிராசஸைக் கற்றுக்கொள்ள மிகச் சிறந்த இடம். ஒரு நாளைக்கு இருநூறு தடவை ஒரே வேலையைச் செய்பவருக்கு எது எங்கே உடைகிறது என்று தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை. அவருக்கும், தான் படித்த பாடம் கண்ணெதிரே நடக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பதிவில் இல்லாத ஒன்பது நாள்

அந்தத் தேர்வு நடந்து எட்டு மாதம் இருக்கும். ஓர் உற்பத்தி நிறுவனத்துக்காக ஒரு வேலை வந்தது. அவர்கள் சப்ளையர்களுக்குப் பணம் தருவது தாமதமாகிறது, காரணம் கண்டுபிடிக்க வேண்டும். அவசரத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. வருமான வரிச் சட்டத்தில் 43பி-யின் கீழ் சேர்த்த புது உட்பிரிவால், குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால் அந்த வருடக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்று ஆகியிருந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். இந்த நாட்களை எண்ணத் தொடங்குவது சரக்கு போய்ச் சேர்ந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளை வைத்து. கம்ப்யூட்டரில் யார் எப்போது பதிந்தார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

நாங்கள் பிராசஸ் மைனிங் செய்தோம். கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாம் பதிவாகும் ஈஆர்பி மென்பொருளில் நடந்த ஒவ்வொரு பதிவையும் எடுத்து, எந்த பில், எந்த வேலை, எந்த நேரம் என்ற மூன்று தகவலையும் கோத்தால், வேலை நிஜத்தில் எந்த வழியாகப் போயிருக்கிறது என்று மென்பொருளே வரைந்து காட்டும். முதல் தடவை பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள், நானும் அசந்திருக்கிறேன். அந்தப் படத்தில் ஓர் இடம் சிவப்பாக இருந்தது. பில் வந்த பிறகு ஜிஆர்என் பதிவாகும் வரை சராசரியாக ஒன்பது நாள். கூட்டத்தில் உடனே முடிவு எடுத்தார்கள்: ஸ்டோர்ஸ் ஆட்கள் மெத்தனம், தினமும் காலையில் நினைவூட்டல் அனுப்ப, தானாக இயங்கும் ஒரு மென்பொருள் பாட் போட்டுவிடலாம். இரண்டு வார வேலை. எனக்கு அந்த நேரத்தில்தான் 'கேட்டுக்குத்தான் போவாருங்க மேடம்' என்பது காதில் கேட்டது. ஒரு நாள் டைம் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போனேன்.

கேட்டில் ஒரு நீள நோட்டு இருந்தது. அட்டை போட்டு, நூல் கட்டி, ஸ்கேல் வைத்துப் பேனாவால் கோடு போட்ட நோட்டு. வரிசை எண், நேரம், வண்டி நம்பர், டிசி நம்பர், பார்ட்டி பெயர், எத்தனை பெட்டி, கையெழுத்து. நோட்டில் எழுதிவிட்டு, டிசியின் பின்பக்கம் நீல மையில் இன்வர்ட் சீல் வைத்து, அதில் வரிசை எண்ணைக் கையால் எழுதுகிறார் காவலாளி. நான் எங்கள் பட்டியலிலிருந்து பத்து பில்லை எடுத்துப்போய் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினேன். எல்லாம் இருந்தன. சரக்கு ஒன்றாம் தேதி வந்திருக்கிறது, பில்லும் கூடவே வந்திருக்கிறது, ஜிஆர்என் பத்தாம் தேதி பதிவாகியிருக்கிறது. நோட்டில் இருக்கும் தேதி மென்பொருளில் எந்த மூலையிலும் இல்லை.

அப்புறம் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசரிடம் போனேன். இருபது வருடமாக அங்கே இருப்பவர். மெத்தனமான ஆளாகத் தெரியவில்லை. "தரம் பார்க்கிறவர் ரெண்டு யூனிட்டுக்கும் ஒருத்தர்தாம்மா. இங்க செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். அவர் ஓகே சொல்லாம நான் ஜிஆர்என் போட்டேன்னா, அப்புறம் சரக்கு ரிஜெக்ட் ஆனா, என் ஸ்டாக் கணக்கு இடிக்கும். ஒரு தடவை ஆடிட்ல என்னைய நிக்க வெச்சுக் கேட்டாங்க. அதிலிருந்து அவர் கையெழுத்து விழாம போடுறதில்லை." செவ்வாய்க்கிழமை வேலை அதிகமாக இருந்தால் பாதி சரக்கு வெள்ளிக்குத் தள்ளிப்போகும், வெள்ளியில் மிச்சமானது அடுத்த செவ்வாய்க்கு. ஒன்பது நாள் எங்கிருந்து வந்தது என்று ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. இவருக்குத் தினமும் நினைவூட்டல் அனுப்பினால் என்ன ஆகியிருக்கும்? மனுஷர் மனம் உடைந்துபோயிருப்பார், ஒரு பில் கூட முன்னால் நகர்ந்திருக்காது.

சரக்கு வந்துவிட்டது, ஆனால் தரச் சோதனையில் இருக்கிறது என்று தனி இருப்பாகப் பதியும் வசதி அவர்களுடைய மென்பொருளிலேயே இருந்தது. நிறுவிய நாளில் யாரும் கேட்காததால் அதைத் திறந்துவிடவில்லை. கேட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் வைத்து, வரும் தேதியில் பதிவு, பிறகு சோதனை, பிறகு இருப்பு என்று மாற்றினோம். தரம் பார்ப்பவர் வாரத்தில் மூன்று நாள் வர ஏற்பாடானது. செய்த வேலை அவ்வளவுதான்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து பழைய பாடப்புத்தகத்தில் ஃபோர்டு கதையை மறுபடியும் படித்தேன். பிராசஸ் படித்த எல்லாருக்கும் தெரிந்த கதை. மேலாண்மை ஆலோசகர் மைக்கேல் ஹாமர் 1990-இல் எழுதியது. ஃபோர்டின் பட்டுவாடாப் பிரிவில் 500 பேருக்கு மேல், ஜப்பானின் கார் கம்பெனி மாஸ்டாவில் ஐந்தே பேர், கடைசியில் ஃபோர்டு 75 சதவீதம் ஆட்குறைப்பு செய்தது என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். அந்த மாற்றம் எங்கே நடந்தது என்பதை அன்றுதான் கவனித்தேன். சரக்கு இறங்கும் இடத்தில்! அங்கே நிற்கும் ஊழியர் கம்ப்யூட்டரில் ஆர்டரைப் பார்த்து, பொருந்தினால் பெற்றுக்கொண்டு அங்கேயே பதிகிறார், அதை வைத்துப் பணம் போய்விடுகிறது, பில்லே தேவையில்லை. கேட்டில் நிற்பவரை நம்பி அதிகாரம் கொடுத்த கதை அது. எத்தனை பேர் குறைந்தார்கள் என்று மட்டும் நான் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

போனஃபைடு வாங்க எத்தனை நாள்?

போன வருடம் இங்கே ஒரு கல்லூரியில் சனிக்கிழமைகளில் இந்தப் பாடத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். முதல் வகுப்பில் மென்பொருள் எதையும் திறக்கவில்லை. "போனஃபைடு சர்டிஃபிகேட் வாங்க எத்தனை நாள் ஆகுது?" என்று கேட்டேன். மூன்று நாள், நான்கு நாள் என்று கத்தினார்கள். பேங்க் லோனுக்கும் பஸ் பாஸுக்கும் அதற்காக அலையாத பிள்ளை யார்? அதன் பிராசஸை வரைந்து வாருங்கள் என்றேன். எல்லாரும் ஒரே மாதிரி வரைந்தார்கள்: மாணவர் விண்ணப்பம், துறைத் தலைவர் கையெழுத்து, அலுவலகத்தில் டைப், முதல்வர் கையெழுத்து, சீல். நான்கு பேருக்கு நான்கு பாத்தி, அதாவது படத்தில் ஆளுக்கொரு வரிசை. அடுத்த வாரம், ஒரு சர்டிஃபிகேட்டின் கூடவே நடந்து போய் ஒவ்வொரு கையில் அது எத்தனை நிமிடம் இருந்தது என்று எழுதி வரச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து வந்த தாள்கள் வேறு மாதிரி இருந்தன. கையெழுத்து, டைப், சீல் எல்லாம் சேர்த்து உண்மையான வேலை ஆறு நிமிடம். மீதி மூன்று நாளும் அது தட்டுகளில் கிடக்கிறது. தட்டிலிருந்து தட்டுக்குக் கொண்டுபோவது ஓர் அட்டெண்டர். காலை பதினொன்றுக்கு ஒரு நடை, மாலை நான்குக்கு ஒரு நடை. எந்தப் படத்திலும் அவர் இல்லை. ஒரு மாணவி தன் படத்தை அவரிடமே காட்டி, சரியாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் கரெக்டா இருக்கு பாப்பா. யாரு தூக்கிட்டுப் போறா?" என்று கேட்டாராம். வகுப்பில் இதை அவள் சொன்னபோது சிரிப்புச் சத்தமே இல்லை. பிள்ளைகள் குனிந்து தங்கள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன், அந்த அமைதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த சூத்திரத்தைப் பலகையில் எழுதினேன். தேங்கியிருக்கும் எண்ணிக்கை, ஒரு நாளைக்கு வரும் எண்ணிக்கை, ஒவ்வொன்றும் காத்திருக்கும் நாள், மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தெரிந்துவிடும். முதல்வர் மேசைத் தட்டில் சராசரியாக முப்பது தாள், ஒரு நாளைக்குச் சேருவது பதினைந்து. அப்படியென்றால் இரண்டு நாள். "மேடம், நாங்க கையால எண்ணினதும் ரெண்டு நாள்தான்" என்று ஒரு பையன் எழுந்து நின்றே சொன்னான். பிபிஎம்என் வரைமுறையையும் அப்போதுதான் சொல்லிக்கொடுத்தேன். சொல்ல வேண்டியது கையில் இருந்ததால் இரண்டே வகுப்பில் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த விளம்பரத்தை எழுதியது யார்?

கல்லூரிகள் கம்பெனிக்கு ஏற்ற மாதிரி பாடத்தை மாற்றுவதில்லை என்று எங்கள் ஆட்கள் மேடைதோறும் பேசுகிறார்கள். நான் பார்த்த வரை கல்லூரிகள் மாற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. 2022 மார்ச்சில் நான் முதல்வன் திட்டம் தொடங்கிய பிறகு வேலைக்கான கூடுதல் பயிற்சிகள் கல்லூரிக்குள்ளேயே வந்துவிட்டன. எங்களிடம் வரும் அரசுக் கல்லூரிப் பிள்ளைகளிடம் பழைய தயக்கம் குறைந்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன், சந்தோஷமாக இருக்கிறது. கல்லூரியின் சிக்கல் வேறு. கம்பெனிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்குக் கிடைப்பது எங்கள் வேலை விளம்பரம் ஒன்றுதான். அதில் முதலில் படம் வரையும் விசியோ கேட்டோம். பிறகு பாட் செய்யும் யூஐபாத் கேட்டோம். இப்போது பிராசஸ் மைனிங் செய்யும் செலோனிஸ் கேட்கிறோம். ஒவ்வொன்றுக்கும் கல்லூரி ஒரு பயிற்சியாளரைத் தேடி, ஆய்வகத்தை மாற்றி, ஒரு பிரிவுப் பிள்ளைகளைத் தயார் செய்து முடிக்கும்போது நாங்கள் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறோம்.

எங்கள் விளம்பரத்தில் அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று தேடிப் பார்த்தேன். பழைய விளம்பரத்தை எடுத்து, மேலே இரண்டு வரி சேர்த்து அனுப்பியிருக்கிறோம். சேர்த்தவர்களில் நானும் உண்டு. புதிதாகச் சேர்ந்த ஒருவர் மென்பொருள் தெரியாததால் வேலையில் தோற்றுப்போய் நான் பார்த்ததில்லை, ஒரு மாதத்தில் கற்றுக்கொள்கிறார்கள். ஸ்டோர்ஸ் சூப்பர்வைசரிடம் பேசத் தெரியாமல், அவர் சொன்னதை மேலதிகாரியிடம் அவரைக் காட்டிக்கொடுக்காமல் எடுத்துச் சொல்லத் தெரியாமல், எண்ணைப் பார்த்து ஆளைக் குற்றம் சொல்லித் தோற்றவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு உண்மையில் வேண்டிய திறமையை நாங்களே எழுதி வைக்காதபோது, அதைக் கல்லூரி எங்கிருந்து கண்டுபிடிக்கும்?

மதிப்பெண் தாளை மாற்றச் சொல்லி ஒரு வருடம் போராடினேன். மென்பொருளுக்கு இப்போது 10. "யாரிடம் போய், என்ன கேட்பார்" என்ற வரிக்கு 25. அந்தத் திருப்பூர்ப் பெண்ணின் விண்ணப்பத்தைத் தேடி எடுத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன், நம்பர் மாறிவிட்டது. அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை.

இந்த வருடம் பிள்ளைகளைக் கல்லூரி அலுவலகத்தைத் தாண்டி வெளியே அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஏழு கம்பெனிகளிடம் கேட்டேன். கேட்டில் இரண்டு பேர், ஸ்டோர்ஸில் இரண்டு பேர், ஒரே ஒரு நாள், போட்டோ எடுக்க மாட்டார்கள், விலை எதையும் பார்க்க மாட்டார்கள், காவலாளியின் நோட்டையும் அவர் வேலையையும் பார்த்துவிட்டு வருவார்கள். ஐந்து இடத்தில் ரகசியம் போய்விடும் என்று மறுத்துவிட்டார்கள். கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியும் அதன் பக்கத்திலேயே ஒரு ஃபவுண்டரியும் சரி என்றிருக்கின்றன. ஃபவுண்டரிக்குள் சேஃப்டி ஷூ இல்லாமல் விட மாட்டார்களாம். திங்கட்கிழமை காலை எட்டு மணி ஷிப்டுக்கு நாலு பேர் போகிறார்கள். ஷூ சைஸ் வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு பெண்ணுக்கு மட்டும் 4 நம்பர் கிடைக்கவில்லை, நாளைக்கு டவுன்ஹாலில் போய்ப் பார்க்க வேண்டும்.